சிவப்புத் தொப்பிக்காரரைப் பார்த்து ஒயில் பெயின்டிங் பழகுவது

மொனாலிசாவில் தொடங்காதீர்கள். முதல் பிரதிக்கு இத்தாலிய ஓவியர் அந்தோனெல்லோ தா மெசினா 1475 வாக்கில் வரைந்த, சிவப்புத் தொப்பி போட்ட மனிதரின் முகம்தான் நல்லது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கையும் இல்லை, மலையும் ஆறும் இல்லை. இருட்டுக்குள் ஒரு முகம். அளவு ஏறத்தாழ 36க்கு 25 சென்ரிமீற்றர் என்பதால் ஏ3 தாளில் அசல் அளவிலேயே பிரிண்ட் எடுக்கலாம், பெரிதாக்கக் கட்டம் போடும் வேலையே இல்லை.

பன்னிரண்டு நிறப் பெட்டி வேண்டாம். டைட்டேனியம் வெள்ளை, யெலோ ஓக்கர் (மண் மஞ்சள்), ஒரு சிவப்பு, பேர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம் போதும். கறுப்பு டியூப் வாங்கவே வேண்டாம். அம்பரும் அல்ட்ராமரினும் கலந்து வரும் கறுப்புக்கு ஆழம் அதிகம், சீக்கிரமும் காயும்.

பிரிண்டின் பின்பக்கத்தைப் பென்சிலால் கறுப்பாக்கி, கன்வஸில் வைத்துக் கோடுகளைப் பதியுங்கள். அப்புறம் அம்பரை டர்பன்டைனில் கரைத்து நிழல்களை மட்டும் போடுங்கள். இந்தப் படையில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். அடியில் எண்ணெய் கூடினால் மேல்படை முந்திக் காய்ந்து வெடிக்கும்.

சரி, இப்போது தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, இந்தப் படை காயும்வரை பொறுங்கள்.

நான் கெடுத்தது இந்த இடத்தில்தான். மட்டக்களப்புக் கல்லடியில் வீடு, மார்கழி மழை, வாவிப் பக்கத்து ஈரக்காற்று. மூன்றாம் நாள் விரலில் ஒட்டவில்லை என்று தோல் நிறத்தை ஏற்றினேன். கன்னத்தில் தூரிகை பட்ட இடமெல்லாம் அம்பர் கிளம்பி, முகமே சேற்று நிறமாகிவிட்டது. ஒயில் பெயின்ட் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. பெயின்டிலேயே இருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. ஈரக் காலத்தில் அது இழுபடும். விரலை நம்பாமல், வெள்ளைத் துணியில் துளி லின்சீட் எண்ணெய் தொட்டு ஓரத்தில் தேயுங்கள். துணியில் பழுப்பு ஏறினால் இன்னும் பொறுங்கள். மாரியில் எனக்குப் பத்து நாள் எடுத்தது. வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் நாலே நாள்.

தோலுக்கு வெள்ளை, ஓக்கர், சிவப்பில் ஒரு பொட்டு. வெளிச்சம் விழும் இடத்தில் தடிப்பாகப் போட்டு, நிழலில் அம்பரை அப்படியே தெரியவிடுங்கள். கண் சரிவராவிட்டால் துடைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். அந்தோனெல்லோவும் முதலில் கண்களை வேறு பக்கம் பார்க்கவைத்துத்தான் பிறகு மாற்றியிருக்கிறார், எக்ஸ்ரேயில் தெரிந்தது.

பின்சேர்க்கை: பின்னணி காய்ந்தபின் திட்டுத்திட்டாக வெளிறுகிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சுவதால் வருவது அது. நன்றாகக் காய்ந்ததும் லின்சீட் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, உடனே துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.