நகரும் சுவரை வரைகிறீர்களா? முதலில் பீமைப் பாருங்கள்

கட்டடக்கலைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களின் வடிவமைப்புகளை மதிப்பிடும் ஜூரிக்குப் போய் உட்காருகிறவன் நான். இப்போதெல்லாம் அவர்கள் மாட்டும் வரைபடப் பலகைகளில் பலகைக்குப் பலகை ஏதாவது ஒன்று அசைகிறது. வெயில் ஏற ஏற விரியும் முகப்பு, மடங்கும் கூரை, காலையில் வகுப்பறையாகவும் மாலையில் அரங்காகவும் மாறும் கூடம். அனிமேஷனில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. இது இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வந்து என்ன செய்யப்போகிறார்? ஆனால் முகப்பு வேலையில் தொடக்க காலத்தில் நாங்கள் பட்ட அடிகளையே இவர்களும் வரிசை மாறாமல் படப்போகிறார்கள் என்று தெரியும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

மழை உள்ளே வரும், துரு பிடிக்கும், செலவு கூடும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை உங்கள் பேராசிரியரே சொல்லிவிடுவார்.

நின்றுபோனால் எந்த நிலையில் நிற்கும்?

அசையும் எதுவும் ஒருநாள் நிற்கும். பாரிஸில் 1987இல் திறக்கப்பட்ட அரபு உலக நிறுவனக் கட்டடத்தின் தெற்கு முகப்பை மேற்கோள் காட்டாத மாணவர் இல்லை. கட்டடக்கலைஞர் ழான் நுவெலும் அவரோடு சேர்ந்து வடிவமைத்தவர்களும் அங்கே 240 பலகங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் கேமராவின் கண்திரைபோலத் திறந்து மூடும் உலோகத் துவாரங்களை வைத்தார்கள். வெளிச்சத்தை உணர்ந்து அவை தாமாகவே இயங்க வேண்டும். பல ஆண்டுகள் அவற்றில் பெரும்பாலானவை இயங்காமலே கிடந்தன. 2017இல்தான் முகப்பைச் சீரமைத்தார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

அவர்கள் கவனிக்கத் தவறுகிற இன்னொன்றும் உண்டு. நின்றுபோன காலத்திலும் அது நல்ல முகப்பாகவே இருந்தது. துவாரங்கள் எந்த அளவில் உறைந்தாலும் உள்ளே வடிகட்டிய வெளிச்சம் வந்தது, வெயில் தணிந்தது. உங்கள் முகப்பு மூடிய நிலையில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் நூலகம் இருட்டறையாகுமா? திறந்த நிலையில் நின்றால் அடுப்பாகுமா? அந்த நின்றுபோன நிலையைத் தனி வரைபடமாக வரையுங்கள். வரையத் தயக்கமாக இருந்தால் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை.

கட்டடம் அசையாது என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். முகப்புத் தகடு திரும்பும் ஒவ்வொரு டிகிரியையும் கணக்கிடுகிறவர், அதைத் தாங்கும் பீமையும் தளத்தையும் மலைப்பாறை என்று நினைத்துக்கொள்கிறார். பீம் தொய்கிறது. ஆள் கூடினால் தளத்தின் ஓரம் இறங்குகிறது. அலுமினியம் பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. காற்றிலும் நிலநடுக்கத்திலும் மேல்தளம் கீழ்த்தளத்தை விட்டுப் பக்கவாட்டில் நகர்கிறது. இவை விபத்துகள் அல்ல. கட்டமைப்புப் பொறியாளர் தெரிந்தே, விதிப்படியே அனுமதித்த அசைவுகள்.

கொங்குப் பகுதியில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். நடுவே தூண் இல்லாத 12 மீட்டர் பீம், அதன் அடியில் தண்டவாளம், தண்டவாளத்தில் தொங்கும் பத்துப் பலகங்கள். மூடினால் இரண்டு கருத்தரங்கக் கூடங்கள், ஒரு பக்கம் ஒதுக்கினால் ஒரே அரங்கு. திறப்பு விழாவன்று ஒற்றை விரலால் தள்ளினாலே ஓடியதாம். இரண்டு கோடை கழிந்தபின், ஏன் ஓடவில்லை என்று பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள்.

கிரானைட் தரையில் வெள்ளைக் கீறல்கள். சுவரோரத்தில் ஒன்றுமில்லை; நடுவுக்கு வர வரக் கீறல் ஆழமாகிறது; தாண்டிப் போனால் மறுபடி மறைகிறது. ஒலி கசியாமல் இருக்கப் பலகங்களின் அடியில் ரப்பர் பட்டை வைத்திருந்தார்கள். நடுவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிற பலகங்களில் அது கிழிந்து சுருண்டிருந்தது. நடுவைத் தொடாமலே நிற்கிற முதல் நான்கு பலகங்களில் புதுக்கருக்கு மாறவில்லை. காவலாளி ஒரு கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். "ஓரத்தில் நன்றாகத்தான் ஓடுகிறது சார். நடுவுக்கு வந்தால் கடிக்கிறது. நெம்பினால் வந்துவிடும்" என்றார். அவர் சொன்னதற்கு மேல் ஆய்வறிக்கையில் எழுத அதிகம் இல்லை. லேசர் மட்டம் வைத்துப் பார்த்தபோது தண்டவாளத்தின் நடுப்பகுதி, ஓரங்களைவிட 14 மி.மீ. தாழ்ந்திருந்தது.

பிறகு கூட்டம். பொறியாளர் கான்கிரீட் கட்டமைப்புக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456ஐ விரித்தார். தடுப்புகளும் பூச்சு வேலைகளும் முடிந்தபின் ஏற்படும் தொய்வு, பீமின் நீளத்தில் 350இல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., இவற்றில் எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 12 மீட்டருக்கு முதல் கணக்கில் 34 வரும். ஆகவே வரம்பு 20. இறங்கியிருப்பது 14. அவர் பக்கம் தவறில்லை. பலகம் விற்றவர் தம் ஏட்டைக் காட்டினார்: தண்டவாள மட்டம் 3 மி.மீ.க்கு மேல் மாறக்கூடாது என்று அச்சிலேயே இருந்தது. அவர் பக்கமும் தவறில்லை. வடிவமைத்தவர் அடியில் 10 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார், அதற்கு மேல் விட்டால் பக்கத்துக் கூடத்தின் பேச்சு கேட்கும் என்றார். அதுவும் நியாயம்தான். மூவரும் சரி, சுவர் மட்டும் ஓடவில்லை. 20, 3, 10 என்ற மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

பீம் ஏன் இறங்கியது? தண்டவாளத்தை மாட்டியபோது மொட்டைமாடி வேலை பாக்கி இருந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டு, மேலே தட்டோடு பதித்தது அதற்குப் பிறகுதான். அத்தனை பாரமும் ஏற்கெனவே மட்டம் பார்த்து மாட்டிய தண்டவாளத்தின் தலையில் இறங்கியது. இதோடு கான்கிரீட்டின் சுபாவமும் சேர்ந்துகொண்டது. நிரந்தரப் பாரத்தின் கீழ் அது ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். சென்ட்ரிங் பிரித்த அன்று தெரியும் தொய்வு தொடக்கம் மட்டுமே.

ஒப்பந்ததாரர் கண்டுபிடித்த தீர்வு, எல்லாப் பலகங்களின் அடியையும் இழைத்துவிடுவது. பலகம் ஓடியது, ஓரங்களில் விரலை நுழைக்கும் சந்து விழுந்து, இந்தக் கூடத்துப் பேராசிரியரின் பாடத்தை அந்தக் கூடத்து மாணவர்களும் கேட்டார்கள். கடைசியில் பலகங்களை ஒதுக்கிக் கட்டிவைத்துவிட்டார்கள். சாதாரணச் செங்கல் சுவரைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய சுவர், சுவராகவே இல்லை.

ஆகவே பொறியாளரிடம் "பீம் தாங்குமா?" என்று கேட்காதீர்கள், தாங்கும். "தண்டவாளம் மாட்டிய நாளிலிருந்து பத்து ஆண்டில் நடுப்பகுதி எத்தனை மி.மீ. இறங்கும்?" என்று கேளுங்கள். அந்த எண் கைக்கு வந்தால் வழிகள் உண்டு. மாடிப் பாரம் முழுவதும் ஏறியபின் தண்டவாளத்தை மாட்டலாம். மரை போட்ட கம்பிகளில் தொங்கவிட்டு, வேண்டும்போது மறுபடி மட்டம் பார்க்கலாம். அதற்குக் கை நுழையும் திறப்பு வேண்டும், ஜிப்சம் கூரையால் மூடிவிட்டு அதன்பின் தேடக்கூடாது. எனக்குப் பிடித்த வழி, பாரத்தைத் தரைக்கே கொடுத்துவிடுவது: அடியில் ரோலர், மேலே ஆழமான வழிகாட்டிப் பள்ளம் மட்டும். பீம் தன் இஷ்டத்துக்கு இறங்கிக்கொள்ளட்டும்.

முகப்பிலும் இதே கதைதான். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 24 பங்கு நீளும். கறுப்பு வண்ணம் பூசிய 6 மீட்டர் சட்டம், விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் 50 டிகிரி வேறுபாடு என்றால் 7 மி.மீ. மாறும். நிழலில் இருக்கும் கான்கிரீட் அந்த நேரத்தில் ஏறக்குறைய சும்மா இருக்கும். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893, ஒரு தளத்தின் உயரத்தில் 0.004 பங்குவரை பக்கவாட்டு நகர்வை அனுமதிக்கிறது, 3.6 மீட்டர் தளத்துக்கு அது 14 மி.மீ. இரண்டு தளங்களுக்கு இடையே நிற்கும் சுழல் தகட்டின் மேல்முனை, கீழ்முனை இரண்டையும் இறுக்கிப் பூட்டிவிட்டால் இந்த நகர்வெல்லாம் தகட்டின் மேல் வந்து விழும். தகடு திருகும், மோட்டார் திணறி எரியும், எல்லோரும் மோட்டார் கம்பெனியைத் திட்டுவார்கள். ஒரு முனையைப் பூட்டுங்கள், மறுமுனை மிதக்கட்டும்.

விட்டுக்கொடுக்காத இணைப்பு என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சாட்சி பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரம். 1970களில் அதன் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன. கோபுரம் ஆடுவதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில், இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை, நடுவே இருந்த உலோக இடைப்பட்டையோடு சேர்த்த ஈயப் பற்றவைப்பு அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தது. அசைவைத் தான் வாங்கிக்கொள்ளாமல் கண்ணாடிக்குக் கடத்தியது. மொத்தம் 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். இதற்கு எதிர்மாறாக, அபுதாபியில் 2012இல் முடிந்த அல் பஹர் கோபுரங்களைப் பாருங்கள். மடங்கி விரியும் திரைகள், கண்ணாடிச் சுவரிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளித் தனிச் சட்டகத்தில் நிற்கின்றன. மழையைத் தடுக்கிற தோல் வேறு, வெயிலைத் தடுக்கிற தோல் வேறு. ஒன்றின் ஆட்டம் மற்றொன்றைத் தொடுவதில்லை. மாணவர்கள் அந்தத் திரையின் முக்கோண வடிவத்தை நகலெடுக்கிறார்கள். 2 மீட்டரை விட்டுவிடுகிறார்கள்.

தளத்தின் ஓரம் நேர்க்கோடு அல்ல

வார்த்த கான்கிரீட்டில் நூல் பிடித்துப் பாருங்கள், பிறகு முகப்பைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு, முன்பின் நகர்த்திச் சரிசெய்ய இடம் தரும் நீள்துளை போடுங்கள்.

காற்றை மறப்பது

அமெரிக்காவின் மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தின் மேல் பறவைச் சிறகுபோல இருக்கும் வெயில் தடுப்பு இறக்கைகள் விரிந்தால் 66 மீட்டர். காற்று மணிக்கு 37 கி.மீ.க்கு மேல் மூன்று விநாடி நீடித்தால் தாமாக மடங்கிக்கொள்ளும். 2001இல் திறந்த அதை வடிவமைத்த கலட்ராவா இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்: பலத்த காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். மான்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கின் மடங்கும் கூரைக்கு அந்த யோகம் இல்லை. 1976 போட்டிகளுக்கு அது தயாராகவில்லை, 1987இல் வந்தது, காற்றில் திரும்பத் திரும்பக் கிழிந்தது, 1998இல் திறக்கவே திறக்காத கூரையை மாட்டினார்கள். அதுவும் அடுத்த ஆண்டே பனிப்பாரத்தில் கிழிந்தது வேறு விஷயம். எந்த வேகத்தில் மூடும் என்று ஒரு எண்ணை எழுதாத கூரையை நான் கூரையாக எடுத்துக்கொள்வதில்லை.

தகட்டுக்கு ஒரு மோட்டார்

ஆஸ்திரியாவின் கீஃபர் ஷோரூமில் 112 தகடுகள், 56 மோட்டார்கள். உங்கள் முகப்பின் 3,000 மோட்டார்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏணி எங்கே?

இரண்டு தோல்களுக்கு நடுவே ஓர் ஆள் நடக்க இடமில்லையென்றால் அங்கே மோட்டாரும் வேண்டாம்.

இரட்டைத் தோலின் இடைவெளி

தீப்பிடித்தால் அது புகைபோக்கி. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீயால் 72 பேர் இறந்தார்கள். பாலிஎதிலீன் நிரப்பிய உறைத்தகடுகள்தான் தீ பரவ முதன்மைக் காரணம். அவற்றின் பின்னால் இருந்த இடைவெளியும் அதற்குத் துணைபோனது. உங்கள் தோல் திறந்து மூடுகிறது என்றால், தளத்துக்குத் தளம் அந்த இடைவெளியை அடைக்கும் தீத்தடுப்பு எந்த நிலையில் வேலை செய்யும் என்று வரைபடத்தில் காட்டுங்கள். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு நகைச்சுவை வருவதில்லை.

எதுவாகவும் மாறும் அறை

சுவர் மடங்குகிறது, சரி. மடங்கிய சுவர் எங்கே போய் நிற்கும்? அந்த அறையில் இருந்த மேசை நாற்காலிகள் எங்கே போகும்? யார் தூக்குவார்? பெரும்பாலான வரைபடங்களில் இதற்கு இடமே இல்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கட்டடக்கலைஞர் ரீட்வெல்ட் 1924இல் கட்டிய ஷ்ரோடர் வீட்டின் மாடி, பகலில் ஒரே கூடம், இரவில் தனித்தனி அறைகள். இரண்டே நிலைகள்தான், இரண்டிலும் கட்டில் எங்கே, மேசை எங்கே என்பது முடிவானது. தடுப்புகளைக் கையால் தள்ளிவிடலாம். வீட்டைக் கட்டச் சொன்ன அம்மையார் 1985இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். டோக்கியோவில் கட்டடக்கலைஞர் குரோகாவா 1972இல் எழுப்பிய நகாகின் கோபுரம் இதற்கு மறுபக்கம்: 140 அறைப்பெட்டிகள், 25 ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதைக் கழற்றுவது பெரும்பாடு; பெட்டிக்குப் பெட்டி உரிமையாளர் வேறு. ஒன்றைக்கூட மாற்றாமலே 2022இல் இடித்தார்கள். பாரிஸின் பாம்பிடு கலை மையத்துக்கான போட்டி வடிவத்தில் நகரும் தளங்கள் இருந்தன. கட்டும்போது அவற்றைக் கைவிட்டார்கள். மிஞ்சியது தூணில்லாத 48 மீட்டர் அகலம். அந்தக் கட்டடத்தின் நெகிழ்வெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

கையை மறப்பது

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். ஆன்டனின் ரேமண்ட் அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்தது. 1930களின் நடுவில் வேலை தொடங்கி 1940களில் முடிந்தது. வடக்கிலும் தெற்கிலும் முகப்பு முழுக்கக் கிடைமட்ட லூவர்கள், அதாவது திருப்பித் திறந்து மூடும் தகடுகள். கண்ணாடி கிடையாது, மோட்டார் கிடையாது. உள்ளே இருப்பவர் வேண்டும்போது கையால் திருப்பிக்கொள்கிறார். லூவர்கள் கல்நார் சிமென்ட்டால் ஆனவை. அதை இன்று யாரும் தொட மாட்டோம். படிக்க வேண்டியது பொறிமுறையை. அதில் பழுதாவதற்கு அதிகம் ஒன்றுமில்லை, பழுதானாலும் உள்ளூர்க் கொல்லர் சரிசெய்துவிடலாம்.

மோட்டார் வைத்தே தீருவேன் என்றால், முழு அளவில் ஒரே ஒரு தகட்டையாவது பட்டறையில் செய்து பாருங்கள். அம்பத்தூரிலோ கோவையிலோ லேத் வைத்திருப்பவரிடம் வரைபடத்தைக் கொடுத்தால், பேரிங் எங்கே கடிக்கும் என்று செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். அதை மொட்டைமாடியில் நிறுத்தி ஒரு கோடையும் ஒரு பருவமழையும் படவிடுங்கள். ரோலர், போல்ட், கீல் எல்லாம் ஊர்க் கடையில் கிடைக்கும் அளவாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தே தீர வேண்டிய உதிரிபாகம் ஏதாவது இருந்தால், கட்டடத்தை ஒப்படைக்கும்போதே ஒரு பெட்டி நிறைய வாங்கிப் பராமரிப்பு அறையில் வைத்து, எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.