கிளம்பும் முன் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள்

ஊருக்கு வந்ததும் பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போக வேண்டுமென்று, கோவையில் இறங்கிய கையோடு கொச்சிக்கு வண்டி பிடிக்கிறவர்கள் நிறையப் பேர். போங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் அப்பத்தா ஊர் ஈரோட்டுப் பக்கமோ எடப்பாடிப் பக்கமோ என்றால், அதற்கு முன்னால் ஒரு நாளைக் காவிரிக்குக் கொடுங்கள்.

தேதி குறிக்கும் முன்னால் பேப்பரில் மேட்டூர் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள், எல்லாப் பேப்பரிலும் தினமும் வரும். 1934இல் கட்டி முடித்த அணை, முழு மட்டம் 120 அடி. தண்ணீர் தேங்கியபோது பல ஊர்கள் அப்படியே உள்ளே போய்விட்டன. மட்டம் எண்பது அடிக்குக் கீழே இறங்க இறங்க, பண்ணவாடி பக்கம் பழைய தேவாலயக் கோபுரம் தலைகாட்டும், இன்னும் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், மே, ஜூனில்தான் பெரும்பாலும் இது வாய்க்கும், எல்லா வருடமும் வாய்க்காது. அதனால் சிங்கப்பூரிலிருந்து ஜூன் விடுமுறையில் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் அதிகம்.

மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் போய் அங்கிருந்து பண்ணவாடி பரிசல் துறை. எதிர்க்கரையில் நாகமரை, ஊர்க்காரர்கள் அன்றாடம் கடக்கிற துறை இது, சுற்றுலாவுக்கென்று செய்து வைத்ததல்ல, அதுதான் எனக்குப் பிடித்தது. நான் போனபோது படகுக்காரர் நந்திக்குப் பக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டார். கழுத்துவரை தண்ணீர், முதுகில் காய்ந்த சேறு, ஒரு காதோரம் பாசி. கூட வந்த ஒரு அம்மிச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "இதுக்கு அடியிலதானுங்க எங்க அப்புச்சி பொறந்த ஊரு" என்றார். தண்ணீர் வற்றின நிலத்தில் எள்ளும் நிலக்கடலையும் போட்டிருந்தார்கள்.

லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், குழந்தைக்கு அளவானது இல்லையென்றால் ஏறாதீர்கள். கையில் சில்லறை நோட்டு வேண்டும். வாடகையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சரி, ஆகஸ்டில்தான் லீவு, அணை நிறைந்து கிடக்கிறது என்றால்? அப்போது மேட்டூரிலிருந்து கீழே இறங்கி நெரிஞ்சிப்பேட்டைக்கு வாருங்கள். கதவணையில் தேங்கிய காவிரியில் அக்கரைப் பூலாம்பட்டிக்கு விசைப்படகு ஓடுகிறது, குட்டி கேரளா என்றே அந்த ஊரைச் சொல்கிறார்கள். உபரி நீர் திறந்துவிட்டால் மட்டும் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் அன்று காலை யாரையாவது விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் அதே சாலையில் தெற்கே வந்தால், காவிரியும் பவானி ஆறும் கூடுகிற பவானி கூடுதுறை. சம்பந்தர் பாடிய திருநணா இதுதான். சங்கமேஸ்வரர் கோயிலில் கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804இல் அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்களா என்று கோயில்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வயதானவர்களைக் கூட்டிவர வேண்டாம், படித்துறையில் நிற்க இடமிருக்காது. திரும்பும்போது பவானியிலேயே தறியில் நெய்த ஜமக்காளம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மடித்தால் பெட்டிக்குள் அடங்கும் அளவாகப் பார்த்து.