ஹோபி 16: டிரெய்லரிலிருந்து ஏரிக்கு

ஹோபி 16 என்ற சின்னப் பாய்ப் படகை ஓட்டுவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. காரை நிறுத்திய இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். டெக்சாஸில் டாலஸ் பக்கத்து ஏரிகளில் சில வருடங்களாக இந்தப் படகை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இதுவரை நான் உடைத்தது, வளைத்தது, தொலைத்தது எல்லாமே கரையில் வைத்துத்தான். அதனால் இதில் பாய் பிடித்து ஓட்டுவது பற்றி அதிகம் இருக்காது.

முதலில் படகைப் பற்றி கொஞ்சம். கலிஃபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் 1968-ல் 14 அடி கேட்டமரான் (இரட்டை உடல் படகு) ஒன்றைக் கொண்டுவந்தார், ஓரிரு வருடத்தில் 16 வந்தது. நீளம் 16 அடி 7 அங்குலம், அகலம் 7 அடி 11 அங்குலம், எடை சுமார் 145 கிலோ, பாய்மரம் மட்டும் 26 அடிக்கு மேல். வாழைப்பழம் மாதிரி வளைந்த இரண்டு ஹல் (மிதக்கும் உடல்), நடுவில் ஆள் உட்கார இழுத்துக் கட்டிய துணித் தளமான டிராம்போலின், அடியில் பலகை எதுவும் கிடையாது, சுக்கான் இரண்டும் மேலே மடங்கிவிடும். அதனால்தான் முழங்கால் தண்ணீரில்கூட இறக்க முடிகிறது. அமெரிக்கச் சாலையில் எட்டரை அடி அகலம் வரை தனி அனுமதி இல்லாமல் இழுக்கலாம் என்பதால் படகைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோகலாம், சாதாரண செடான் கார் போதும். கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் கட்டுமரத்தில் ஹல்லே கிடையாது, சேர்த்துக் கட்டிய மரங்கள்தான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போட்டு, அடுத்த தடவை மறுபடி கட்டுவார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஹோபியும் கட்டுமரம்தான், ஒவ்வொரு தடவையும் கட்டியாக வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை: டிரெய்லர் கொக்கி காரின் பின்னால் இருக்கும் ஒரு இரும்புப் பந்தில் உட்காரும். எந்த அளவு பந்து வேண்டும் என்று கொக்கியின் மேல் பொறித்திருக்கும், காரில் இருக்கும் பந்தும் அதே அளவா என்று பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காக மாட்டுங்கள், கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு சாலையில் இடிக்காமல் சங்கிலியில் தொங்கும். படகை டிரெய்லரோடு கட்டும் பட்டையை ஹல்லின் மேல் போட்டு இறுக்காதீர்கள், ஃபைபர் அமுங்கிவிடும். இரண்டு ஹல்லையும் இணைக்கும் குறுக்குக் குழாயின் மேல் போடுங்கள். பாய்மரத்தின் நுனி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் சிவப்புத் துணி. ஒவ்வொருவருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட். டெக்சாஸில் இந்த அளவுப் படகு ஓடும்போது 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைப் போட்டே இருக்க வேண்டும். 14 அடியும் அதற்கு மேலும் உள்ள பாய்ப் படகைப் பதிவும் செய்ய வேண்டும், மோட்டார் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

ஏரிக்குப் போனதும் நேராகச் சரிவுப் பாதைக்கு வண்டியை விடாதீர்கள். அது படகை இறக்க மட்டும்தான், அங்கே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தால் பின்னால் மோட்டார் படகோடு வரிசையில் நிற்பவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். பார்க்கிங்கில் ஓரமாக, காரின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்புறம் காரைவிட்டு இறங்கி அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி இருக்கிறதா? நிற்கும் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. அங்கிருந்து தண்ணீர் வரை நடந்துபோய், வழி முழுக்கப் பார்த்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் பாய்மரத்தை நிறுத்திய பிறகு முப்பது அடி உயர அலுமினியக் குச்சியோடுதான் அந்த வழியில் வண்டி ஓட்டப்போகிறீர்கள். கம்பியில் பாய்மரம் பட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் 1980-களில் அமெரிக்கப் படகுகளில் மரத்தின் மேல் பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபரில் செய்ய ஆரம்பித்தார்கள். அது இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம், கீழ்ப்பகுதி அலுமினியம்தான், மரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் பக்கக் கம்பிகளும் எஃகுதான். வேறு நாட்டிலிருந்து வந்த படகென்றால் மரம் முழுக்க அலுமினியமாகவே இருக்கலாம்.

பாய்மரம் நிற்கும்வரை டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றவே கூடாது. முதல் வருடம், நிழலாக இருக்கிறதே என்று டிரெய்லரை மட்டும் ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுக் காரைத் தள்ளி நிறுத்தினேன். என் மச்சான் டிராம்போலினில் ஏறிப் பின்பக்கம் நடந்தார், டிரெய்லரின் மூக்கு சீசா மாதிரி மேலே எழும்பியது, அவர் சரிந்துபோய்ச் சுக்கானைத் திருப்பும் கட்டையில் உட்கார்ந்தார். கட்டை உடைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. (மரத்தடியில் வைத்துப் பாய்மரத்தை எப்படி நிறுத்தியிருப்பேன் என்று இன்றுவரை கேட்கிறார்.)

பாய்மரத்தை நிறுத்துவதுதான் பெரிய வேலை. பட்டையில் ஒன்றாவது படகை டிரெய்லரோடு பிடித்திருக்கட்டும். மரத்தின் கட்டுகளை அவிழ்த்து, அடிப்பக்கம் முன் குறுக்குக் குழாயில் இருக்கும் குழிக்குமேல் வரும்படி, நுனி படகின் பின்னால் நீளும்படி பின்னோக்கி நகர்த்துங்கள். பாய் நுழையும் பள்ளம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் மரம் பின் முன்னாக நிற்கும், மறுபடி இறக்க வேண்டியதுதான். அடியை அந்தக் குழியோடு கீல் மாதிரி ஒரு பின் போட்டு மாட்டுங்கள். பக்கக் கம்பி இரண்டையும் ஹல்லின் மேல் உள்ள தகட்டில் மாட்டிப் பின் போட்டு, பின்னுக்கு வளையம் போட்டு, வளையத்தின்மேல் டேப் சுற்றுங்கள். டேப் சுற்றாத வளையம் எதிலாவது மாட்டி விரிந்துவிடும், அப்புறம் ஒரு நல்ல காற்றில் மரம் தலையில் வந்து விழும். கம்பியைக் கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் நல்லது, ஆனால் துணியை வைத்துத் தடவுங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும், வெறுங்கை என்றால் விரலில் ஏறும். இழை அறுந்த கம்பியோடு படகு இறக்க வேண்டாம், வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இப்போது, மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் முன்கம்பியின் நுனியில் ஒரு நீளமான கயிற்றைக் கட்டி, முன்னால் நிற்கும் ஆளிடம் கொடுங்கள். டிராம்போலினில் நிற்பவர் மரத்தைத் தோளில் ஏற்றி, முன்னோக்கி நடந்துகொண்டே மேலே தள்ள வேண்டும். மரம் பாதி உயரத்தைத் தாண்டியதும் கயிறு பிடித்திருப்பவர் இழுக்கும் இழுப்பு வேலை செய்ய ஆரம்பிக்கும், அதற்கு முன்னால் எல்லாம் தோள்தான். முக்கியம், பக்கவாட்டில் சாய விடக்கூடாது, அடிக் கீல் உடைந்துவிடும். இன்னொன்று, மரம் ஏறும்போது தளர்ந்து கிடக்கும் பக்கக் கம்பி சுக்கான் பொருத்தும் இடத்திலோ டிரெய்லர் விளக்கிலோ போய் மாட்டிக்கொள்ளும். கீழே நிற்பவர்கள் அதைப் பார்க்காமல் இன்னும் பலமாக இழுப்பார்கள். மரம் சட்டென்று கனத்தால் நிறுத்துங்கள், இறக்குங்கள், என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், பலத்தைக் காட்டி ஜெயிக்க முடியாத விஷயம் இது. நேராக நின்றதும் ஒருவர் கயிற்றை விடாமல் இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் இறங்கிவந்து, இரண்டு ஹல்லின் முன்முனையிலிருந்து வந்து சேரும் கம்பியோடு முன்கம்பியைப் பின் போட்டு மாட்ட வேண்டும். அது மாட்டி, வளையமும் போட்ட பிறகுதான் கயிறை விடலாம். கடைசியாக அடியில் போட்ட அந்தக் கீல் பின்னைக் கழற்றிவிடுங்கள், ஓட்டத்தில் இந்த மரம் சுழல வேண்டும், பின் இருந்தால் சுழலாது.

தனியாக நிறுத்துகிறவர்களும் உண்டு. காற்று மணிக்குப் பத்து மைலுக்கு மேல் இருந்தால் நான் செய்யமாட்டேன்.

மரம் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் வேகமாகப் போகும். சுக்கானைப் பொருத்தி மேலே மடக்கிப் பூட்டுங்கள். முன்பாயை, அதாவது ஜிப்பை, முன்கம்பியோடு சேர்த்து அதன் ஜிப்பைப் போட்டு (ஆமாம், ஜிப் என்ற பாய்க்குப் பையில் இருக்கிற மாதிரி ஜிப் இருக்கிறது) ஏற்றி நன்றாக இழுத்துக் கட்டுங்கள், முன்கம்பி தொளதொளவென்று ஆனால் சரி. அப்புறம் முதல் காரியமாகப் பாயைச் சுருட்டி ஒரு ரப்பர் கயிறால் கட்டிவையுங்கள், காற்றில் அது அடித்துக்கொண்டே இருந்தால் துணி சீக்கிரம் போய்விடும். பெரிய பாய்க்குள், அதை விறைப்பாக வைத்திருக்கும் குச்சிகளை, மெல்லிய முனை முன்பக்கம் போகும்படி நுழைத்துக் கட்டிப் பாயை டிராம்போலினில் கிடத்தி வையுங்கள். டிரெய்லரின் மேல் வைத்துப் பெரிய பாயை ஏற்ற வேண்டாம். ஒரு வேகக் காற்று வந்தால் படகு டிரெய்லரோடு திரும்பும். இந்தப் பாய் மேலே போனதும் மர நுனியில் ஒரு கொக்கியில் வளையம் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். எப்படி இழுத்தால் உட்காரும், எப்படி இழுத்தால் கழலும் என்பதை ஒரு நாள் வீட்டில் மரம் கிடக்கும்போதே பத்துத் தடவை செய்து பாருங்கள். ஏரி நடுவில் புயல் மேகம் வரும்போது பாய் இறங்கமாட்டேன் என்றால் சிரிப்பு வராது.

சரிவில் இறக்கும் முன் இரண்டு விஷயம். டிரெய்லர் விளக்கு வயரைப் பிடுங்கிவிடுங்கள், பழைய பல்பு சூடாகத் தண்ணீரில் இறங்கினால் வெடிக்கும். ஹல்லின் பின்பக்க அடைப்பு இரண்டும் போட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வந்த சூட்டோடு சக்கரத்தை நேராகத் தண்ணீரில் விட்டால் பேரிங்குக்குள் தண்ணீர் உறிஞ்சப்படும், ஆனால் ஒரு மணி நேரம் மரத்தோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள் என்பதால் அது தானாகவே ஆறியிருக்கும்.

பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடியுங்கள். கை இடது பக்கம் போனால் டிரெய்லரும் இடது பக்கம் போகும், மூளைக்குக் குழப்பமில்லை. சின்ன டிரெய்லர் சட்டென்று மடங்கும், அதனால் மெதுவாக, கொஞ்சம் திருப்பி உடனே நேராக்கி. ஜன்னல் திறந்திருக்கட்டும், வெளியே நிற்பவர் சொல்வது கேட்க வேண்டும். சக்கரத்தின் நடுப்பகுதியைத் தண்ணீர் தொடுவதற்கு முன்பே நிறுத்தினால் போதும், இந்தப் படகு லேசு. கைபிரேக் போட்டு, கடைசிப் பட்டையைக் கழற்றி, முன்கம்பியில் கட்டிய கயிறு ஒருவர் கையில் இருக்க, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஹல்லைப் பிடித்து உருளைகளின் மேல் தள்ளினால் பின்பக்கம் முதலில் மிதக்கும், மீதி தானாக வரும். சரிவின் அடியில் பாசி இருக்கும், செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். படகைச் சரிவுக்குப் பக்கத்து மண்ணில், காற்றைப் பார்த்து ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் காரை எடுத்துப்போய் நிறுத்திவிட்டு வரலாம். பெரிய பாயை இங்கே ஏற்றுங்கள், பாய்க்கயிறு எதுவும் இறுகியிருக்கக் கூடாது.

டெக்சாஸில் வீசுவது பெரும்பாலும் தெற்குக் காற்று. தென்றல் என்று நினைத்துவிடாதீர்கள், வசந்த காலத்தில் அது தொப்பியைப் பிடுங்கும். ஏரியின் தெற்குக் கரையில் இறக்கினால் கிளம்புவது சுலபம், காற்றே தள்ளிவிடும், திரும்பி வருவதுதான் பாடு. வடக்குக் கரை என்றால் தலைகீழ், அலை உங்களைக் கரையிலேயே அறையும். இடுப்பளவுத் தண்ணீர் வரை படகை நடத்திக்கொண்டு போங்கள், படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். ஆழம் வந்ததும் சுக்கானைக் கீழே தட்டிப் பூட்டி, முன்முனையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஏறி, முதலில் ஜிப்பைத்தான் இழுக்க வேண்டும். வேகம் வருவதற்கு முன்பே பெரிய பாயை இழுத்தால் படகு காற்றுக்கு நேராகத் திரும்பி அப்படியே நின்றுவிடும், பிறகு பின்னோக்கிக் கரைக்கே வரும். அப்படி நின்றுவிட்டால் பெரிய பாயை விட்டுவிட்டு, ஜிப்பைத் தவறான பக்கம் இழுத்துப் பிடியுங்கள், மூக்கு திரும்பும்.

திரும்பி வந்த பிறகு எல்லாம் பின்னிருந்து முன்னாக: பெரிய பாய் தண்ணீரோரத்தில் இறங்கும், சுக்கான் மடங்கும், மற்றது பார்க்கிங்கில். ஒன்று மட்டும் சட்டம். படகுத் தண்ணீரோடு வேறு ஏரிக்குப் போய்ப் பெருகும் ஸீப்ரா மட்டி 2009-ல் டெக்ஸோமா ஏரியில் தென்பட்டதிலிருந்து ஏரி ஏரியாகப் பரவுகிறது, அதனால் 2014 முதல் டெக்சாஸ் முழுக்கப் பொது நீர்நிலையை விட்டுக் கிளம்பும் முன் படகில் உள்ள தண்ணீரை வடித்தாக வேண்டும். ஹல்லின் அடைப்பைக் கழற்றி, டிரெய்லரின் மூக்கைத் தூக்கிவிட்டால் உள்ளே கசிந்தது ஓடிவிடும். கழற்றிய அடைப்பை அடுத்த தடவை போட மறப்பது இதனால்தான். ஒரு தடவை கரையிலிருந்து இருநூறு அடி போனபிறகுதான் இடது ஹல் ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று எங்களுக்கு உறைத்தது, அடைப்பு காரின் டாஷ்போர்டில் இருந்தது. இப்போது இரண்டையும் ஒரு கயிற்றில் கோத்துச் சுக்கான் கட்டையில் கட்டிவிடுகிறேன். அடுத்த தடவை சுக்கானைப் பொருத்தப் போனால் அது கையில் இடிக்கும்.