கார் ரேடியேட்டர்: எங்கே இருக்கும், எப்படிப் பராமரிப்பது

பானட்டைத் திறந்து முன்புற கிரில்லுக்குப் பின்னால் பாருங்கள். ஏசி உள்ள கார்களில் வெளியிலிருந்து முதலில் கண்ணில் படுவது ஏசி கண்டென்சர். அதை ஒட்டிப் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். இரண்டில் எது என்று குழப்பமாக இருந்தால் தடித்த ரப்பர் ஹோஸைத் தேடுங்கள். அது போய்ச் சேருவது ரேடியேட்டரில்தான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கையே வைக்காதீர்கள். மூடி உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்ததும் அழுத்தம் போய், கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸ் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுழலும், விரல்கள் பத்திரம்.

மாதம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட்டின் ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். மினிமம், மேக்ஸிமம் கோடுகளுக்கு நடுவே கூலன்ட் இருக்க வேண்டும். இது மூடிய சுற்று. அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம் ஆகிய இடங்களில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருக்கிறதா என்று தேடுங்கள். கூலன்ட்டின் செம்பழுப்பு நிறம் துருவைக் காட்டும். பால் கலந்த காபி போலத் திரண்டிருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், அல்லது ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் கலந்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம்தான் ரேடியேட்டரை உள்ளிருந்து கொல்கிறது. உப்பு படிந்து குழாய்கள் அடைபடும். துருத்தடுப்புச் சத்தும் நீர்த்துவிடும். அடர்கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி என்பதே பொதுவான அளவு. கலந்தே வரும் கூலன்ட்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. மேனுவலில் சொன்ன வகையையே வாங்குங்கள். பொருந்தாத வகைகள் கலந்தால் கூழாகத் திரண்டு அடைக்கும்.

மாற்றும் காலத்தையும் மேனுவலே சொல்லும்: பழைய வகைக்குப் பொதுவாக 2 ஆண்டு, நீண்டகால வகைக்கு 5 ஆண்டு. அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து பாத்திரத்தில் வடியுங்கள். டிஸ்டில்ட் வாட்டரால் அலசி, புதியதை மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் கூலன்ட் நிறைந்திருந்தும் எஞ்சின் சூடேறும். ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள்.

ரேடியேட்டர் தகடுகளில் சிக்கிய பூச்சியையும் தூசியையும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, சாதாரணத் தண்ணீர் ஹோஸால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

வடித்த கூலன்ட்டை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மூடிய கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கூலன்ட்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். சிறிதளவு நக்கினாலே நாயோ பூனையோ செத்துப்போகலாம்.