சப்போர்ட்டை நம்பி ஊழியத்துக்குப் போறவங்க பண்ற தப்புகள் (முக்காவாசி நாங்களே பண்ணினது)

போன வாரம் எங்க ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். பைபிள் காலேஜ் முடிச்சாச்சாம், பொண்ணு பாத்து நிச்சயமும் ஆயாச்சாம், அடுத்த வருஷம் வடக்க பணித்தளத்துக்குப் போகணும், "அக்கா, சப்போர்ட்டுக்கு ஆள் சேர்க்கிறது எப்படி"ன்னு கேட்டான். சப்போர்ட்னா ஊழியத்துக்குப் போறவங்க செலவுக்கு மத்தவங்க மாசா மாசம் தர்ற பணம். எப்படின்னு சொல்றத விட எப்படிப் பண்ணக்கூடாதுன்னு சொல்றது எனக்கு ஈஸி, ஏன்னா நானும் எங்க வீட்டுக்காரங்களும் ஜார்க்கண்ட்ல சந்தால் பழங்குடி ஊர்களுக்கு நடுவுல இத்தனை வருஷத்துல பண்ணாத தப்பு கொஞ்சம்தான். அவன்கிட்ட அரைமணி நேரம் பேசினதை இங்க எழுதிடறேன், இன்னும் நாலு பேருக்கு உதவும்.

முதல் தப்பு ரொம்ப பக்தியா இருக்கும். "நாங்க யார்கிட்டயும் கேட்க மாட்டோம், விசுவாசத்துல போறோம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படிச் சொல்லிட்டுப் போன நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா, யார் வீட்டுக்காவது ஜெபிக்கப் போனா ஜெபத்துலயே "ஆண்டவரே, அஞ்சாந்தேதிக்குள்ள வாடகை கட்டணுமே, நீர் அறிவீர்"னு கொஞ்சம் சத்தமா சொல்லுவோம். ஆண்டவருக்குத்தான் தெரியுமே, அப்ப அந்தச் சத்தம் யாருக்கு? பக்கத்துல கண்ணை மூடி உக்காந்திருக்கிற அண்ணாச்சிக்குத்தான். நேரடியா கேட்கிறதை விட இது மோசம், ஜெபத்தையே உண்டியலாக்குறது. கேட்கக்கூடாதுன்னு சொல்றவங்க எல்லாரும் பிரிஸ்டல்ல அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரைத்தான் உதாரணம் சொல்லுவாங்க. அவர் யார்கிட்டயும் கேட்கலைங்கிறது வாஸ்தவம். ஆனா வருஷா வருஷம் எவ்வளவு வந்துச்சு எதுக்கு செலவாச்சுன்னு கணக்கை அச்சடிச்சு வெளியிட்டாரே, அந்தப் பாதியை யாரும் பேச மாட்டாங்க. பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதும்போது நான் ஸ்பானியாவுக்குப் போறேன், வழியில உங்களைப் பாத்துட்டு நீங்க அனுப்பிவைக்கப் போவேன்னு பதினஞ்சாம் அதிகாரத்துல தெளிவாவே சொல்றார். பைபிள்ல நெகேமியா ராஜாகிட்ட கடிதமும் கேட்டார், மரமும் கேட்டார். கேட்டா விசுவாசம் குறைஞ்சிடாது. கேட்கிறவங்க நேரா கேளுங்க, கேட்க மாட்டோம்னா ஜாடையும் பேசாதீங்க.

அடுத்தது தொகை. எவ்வளவு வேணும்னு கேட்டா "ஏதோ ஆண்டவர் ஏவுறபடி குடுங்க"ன்னு இழுப்போம். ஏன்னா நமக்கே எவ்வளவு வேணும்னு தெரியாது. நாங்க முதல்ல போட்ட பட்ஜெட்ல வாடகை, அரிசி, பெட்ரோல், கரண்ட், அவ்வளவுதான். ஊருக்கு வந்துட்டுப் போற ட்ரெயின் செலவைப் போடவே இல்ல, தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ல கிட்டத்தட்ட ரெண்டு நாள் உக்காந்து வரணும், குடும்பமா நாலு டிக்கெட், அப்புறம் பஸ்ஸு. மாமனாரோட பிரஷர் மாத்திரை, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், போன் ரீசார்ஜ், ஊர்ல நடக்கிற கல்யாணத்துக்கு மொய், எதுவுமே இல்ல. ஆஸ்பத்திரிச் செலவும் போடல. சின்னவளுக்கு மலேரியா வந்தப்போதான் புத்தி வந்துச்சு. நம்ம ஊர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பி ஜார்க்கண்ட்ல ஒரு டவுன் நர்ஸிங் ஹோம்ல படுக்க முடியுமா? குடும்பத்துக்கே சேர்த்து ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் போடுங்க, அந்த பிரீமியத்தைப் பன்னெண்டால வகுத்து மாச பட்ஜெட்லயே எழுதுங்க. அதை எழுத வெக்கப்பட்டு அப்புறம் கடன் வாங்கி, அதுவும் வட்டிக்கு வாங்கி, ஊழியக்காரர் வீட்டு வாசல்ல வட்டிக்காரன் வந்து நின்னா சாட்சி என்னாகும்னு யோசிங்க. இதுல ஒன்னு, தர்றேன்னு சொன்னவங்க எல்லாரும் தருவாங்கன்னு கணக்குப் போடாதீங்க. எங்களுக்கு 23 பேர் வாக்கு குடுத்தாங்க, முதல் ஜூன் மாசம் வந்தது 14 பேர்கிட்ட இருந்து. அவங்க மேல தப்பே இல்ல, ஜூன்ல எல்லா வீட்லயும் ஸ்கூல் பீஸ். டிசம்பர்ல கிறிஸ்மஸ் காணிக்கைன்னு கொஞ்சம் கூடவே வரும். அந்த டிசம்பர் காசை ஜூனுக்கு எடுத்து வைக்கணும், நாங்க முதல் வருஷம் அதுல ஒரு பீரோ வாங்கினோம், அந்த பீரோவைப் பாத்தா எனக்கு இன்னைக்கும் எரிச்சல்.

ஒரே ஆளை நம்புறதும் இதோட சேர்ந்த தப்புதான். ஒரு நல்ல அண்ணன் வளைகுடால இருந்து எங்க தேவையில பாதியை அவரே தந்துட்டு இருந்தார், நாங்களும் ஹாயா மத்தவங்களைத் தேடுறதையே விட்டுட்டோம், திடீர்னு அவருக்கு வேலை போயிடுச்சு. அவர் எங்களுக்கு போன் பண்ணி மன்னிப்பு கேட்டார், அதைக் கேட்டு நாங்க அழுதோம், ஆனா மாச வாடகை அழுதா குறையுமா? 1903ல பாளையங்கோட்டையில இந்தியன் மிஷனரி சொசைட்டியை அசரியாவும் கூட இருந்தவங்களும் ஆரம்பிச்சு, நிஜாம் ராஜ்யத்துல இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாங்களே, அதுக்கு ஒரு கோடீஸ்வரன் செக் எழுதிக் குடுக்கல, திருநெல்வேலிச் சபைக்காரங்க போட்ட காணிக்கைதான். மிசோரம்ல பெண்கள் இன்னைக்கும் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைக்கிறாங்க, அதைச் சேர்த்து வித்துத்தான் சபை ஊழியத்துக்குக் குடுக்கிறாங்க. மாசம் 200 ரூபா தர்ற முப்பது பேர் இருந்தா ஒருத்தர் நின்னாலும் அடுப்பு அணையாது. அதோட 200 ரூபா தர்ற அக்காதான் தினம் நம்ம பேரைச் சொல்லி ஜெபிக்கிறாங்க, இது என் அனுபவம்.

இப்ப ஜெபக்கடிதத்துக்கு, அதாவது சப்போர்ட் தர்றவங்களுக்கு ஊழியச் செய்தி எழுதி அனுப்புற கடிதத்துக்கு வருவோம், இதுலதான் எனக்கு கோபமே வரும். காசு தேவைப்படும்போது மட்டும் கடிதம் போடறது ஒரு தப்பு, அது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய தப்பு அதுல என்ன எழுதுறோம், என்ன போட்டோ போடறோம்ங்கிறது. மூக்கு ஒழுகுற, சட்டையில்லாத பிள்ளையை நிக்கவச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடறோம். நாமளும் ஒரு காலத்துல அப்படி நின்ன பிள்ளைகள்தானே, நம்ம அம்மாகிட்ட கேட்காம யாராவது அப்படி எடுத்துப் போட்டா எப்படி இருந்திருக்கும்? பெத்தவங்க இல்லாத பிள்ளைகளை வச்சு ஹோம் நடத்துறவங்க இன்னும் கவனமா இருக்கணும், 2015 சிறார் நீதிச் சட்டப்படி ஹோமைப் பதிவு பண்ணணும், அந்தப் பிள்ளைகளோட அடையாளத்தை வெளியிடவும் கூடாது. முகத்தைக் காட்டி நன்கொடை கேட்கிறதை வழக்கமா வச்சிருந்தா அதை இன்னைக்கே நிறுத்திடுங்க.

அப்புறம் இந்த எண்ணிக்கை. "20 சேலை குடுத்தோம், 8 பேர் ஏத்துக்கிட்டாங்க, ஸ்தோத்திரம்"னு ஒரு கடிதத்தை நானே படிச்சிருக்கேன். எழுதினவர் நல்ல மனுஷன், சேலையையும் ரட்சிப்பையும் ஒரே வரியில எழுதினா என்ன அர்த்தம் வரும்னு யோசிக்கல. ஒரிசாவுல 1967ல இருந்து, ஜார்க்கண்ட்ல 2017ல இருந்து, உ.பி.யில 2020 கடைசில இருந்து மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கு, பொருள் காட்டி ஆசை காட்டறது அதுல குற்றம். உங்க கடிதமே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லும். சட்டத்தை விடுங்க, அந்த எட்டுப் பேர் மரியாதை என்னாச்சு? சேலைக்காக வந்தவங்கன்னு நாமளே எழுதிக் குடுத்தாச்சு. ஞானஸ்நான போட்டோவும் அப்படித்தான், நமக்கு ஒரு ஸ்டேட்டஸ், அந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது நாளைக்குப் பிரச்சனை, நாம ட்ரெயின் ஏறி வந்துடலாம் அவங்க எங்க போவாங்க. அதனால ஊர்ப் பேர், ஆள் பேர், முகம் மூணும் வேண்டாம். இந்த மாசம் ஒன்னும் நடக்கலைன்னா ஒன்னும் நடக்கலைன்னு எழுதுங்க, "இந்த மாசம் மழை, பாலம் உடைஞ்சுது, மூணு ஊருக்குப் போக முடியல, மொழி படிச்சோம், சந்தாலியில நான் பேசினதைக் கேட்டு பாட்டிமார் சிரிச்சாங்க"ன்னு ஒரு தடவை எழுதினேன், அதுக்குத்தான் நிறைய பேர் பதில் போட்டாங்க.

கணக்குக்கு வந்தா, இதுல தெரியாம பண்ணின தப்புக்கும் விலை உண்டு. எல்லாப் பணத்தையும் சொந்த சேவிங்ஸ் அக்கவுண்ட்ல, சொந்த கூகுள் பே க்யூஆர் கோடுல வாங்குறது ரொம்ப சாதாரணமா நடக்குது. சொந்தக்காரங்க அல்லாதவங்ககிட்ட இருந்து இனாமா வர்றது வருஷத்துக்கு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினா முழுத் தொகையும் வருமானக் கணக்குல வந்துடும், ஊழியம்னு சொன்னா இன்கம்டாக்ஸ்ல விடமாட்டாங்க. ஊழியத்துக்கு ட்ரஸ்ட் இருந்தா அதுக்குத் தனி அக்கவுண்ட், ரசீது புக், ஆடிட்டர். மிஷனரி ஸ்தாபனத்துக்குக் கீழ போனா பணம் ஸ்தாபனத்து வழியா வரட்டும்.

வெளிநாட்டுப் பணம்னா இன்னும் ஜாக்கிரதை. துபாய்ல வேலை செய்யற, இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற அண்ணன் தன் சம்பளத்துல இருந்து பேங்க் வழியா அனுப்புறது வேற. அதே அண்ணனோட தம்பி அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டா, நம்ம தெருவுல பிறந்து வளர்ந்தவரா இருந்தாலும் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர்தான், வெளிநாட்டு சிட்டிசன் ஆன நம்ம ஆளுங்களுக்கு இந்தியா தர்ற ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அவர் சபை கட்ட உங்களுக்கு அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாம வாங்கக்கூடாது. பதிவு இருக்கிறவங்களுக்கும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல உள்ள அக்கவுண்ட்லதான் அது முதல்ல வந்து இறங்கணும், ஒரு ஸ்தாபனம் வாங்கி இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கைமாத்தி விடுற வழியையும் அடைச்சாச்சு. "பிரதர், உங்க அக்கவுண்ட்டைக் குடுங்க, அதுல போட்டுட்டு எங்களுக்கு மாத்தி விடுங்க"ன்னு யாராவது தேன் மாதிரிப் பேசினா போனை வச்சிடுங்க.

நன்கொடை குடுக்கிறவங்களுக்கு வரி விலக்கு தர்ற 80ஜி பத்தி ஒரு வார்த்தை. குடுக்கிறவங்க "வரி விலக்கு உண்டா"ன்னு கேட்டா தெரியாம தலையாட்டிடாதீங்க. ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்காக மட்டும் நடக்கிற ட்ரஸ்டுக்குப் பொதுவா அது கிடைக்காது. 80ஜி இருக்கிற ட்ரஸ்டாவே இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா விலக்கு கிடையாது. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, அப்படிச் சொன்னதுக்காக ஒருத்தரும் எங்களுக்குக் குடுக்காம போனதில்ல.

பைக்குக்குன்னு குடுத்த காசைக் கூரைக்குப் போட்டுட்டு சொல்லாம விடறதும் இங்கதான் வரும். நாங்க பண்ணினோம். கூரை ஒழுகிட்டு இருந்துச்சு, நியாயமான செலவுதான், ஆனா குடுத்த அக்கா ஆறு மாசம் கழிச்சு "பைக் போட்டோ அனுப்புங்களேன்"னு கேட்டப்போ எங்க வீட்டுக்காரங்க முகம் போன போக்கைப் பாக்கணும். ஒரு போன் பண்ணி "அக்கா, கூரைக்கு மாத்திக்கலாமா"ன்னு கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாங்க. பவுல் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது தனியா போகல, குத்தம் சொல்ல இடம் குடுக்கக்கூடாதுன்னு கூட ஆள் கூட்டிட்டுப் போனார், ரெண்டாம் கொரிந்தியர் எட்டுல இருக்கு.

ஊருக்கு டெபுடேஷன், அதாவது சபை சபையா போய் ஊழியத்தைப் பத்திச் சொல்ல வரும்போது சில சின்ன விஷயம். சபைப் போதகர் ஐயாகிட்ட அனுமதி வாங்காம சபைல காணிக்கைக் கவர் குடுக்காதீங்க. பத்து நிமிஷம் தந்தா ஒன்பது நிமிஷத்துல இறங்குங்க. சபை விருந்தான அசனத்துக்கு வந்த இடத்துல, ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் நடக்கிற இடத்துல ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு நிறுத்தி சப்போர்ட் பேசாதீங்க, பாவம் அவங்க சாப்பிட வந்திருக்காங்க.

வீட்டு விஷயம் கடைசியா வருதுன்னு சின்னதுன்னு நினைக்காதீங்க. அடுத்தவங்க காசுல வாழ்றோம்ங்கிற நினைப்பு இருக்கே, அது மெல்லத் தின்னும். ஒரு தடவை ராஞ்சியில பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தோம், பெரியவன் போட்டோ எடுத்தான், நான் பதறிப்போய் "ஸ்டேட்டஸ்ல போட்டுடாதல, தாங்குறவங்க பாத்தா என்ன நினைப்பாங்க"ன்னேன். அவன் கேட்டான், "ஏம்மா, நாம திருடியா சாப்பிடுறோம்?" அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. பிள்ளைகளுக்கு ஒழுங்கான செருப்பு, வருஷத்துல ஒரு வாரம் லீவு, இதெல்லாம் ஒளிச்சு வைக்கிற செலவு இல்ல, பட்ஜெட்ல எழுதுற செலவு. அதே மாதிரி மனைவியைச் சம்பளமில்லாத ஆளா நினைக்கிறது. வர்றவங்களுக்கு எல்லாம் சமைச்சு, பெண்கள் கூடுகை நடத்தி, பாடிப் படிச்சுக் குடுத்து, இதெல்லாம் நான் பண்ணினேன், ஜெபக்கடிதத்துல என் பேர் "மற்றும் குடும்பத்தார்"னு இருந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு நானே கடிதத்தை எழுத ஆரம்பிச்சேன், அப்புறம் பேர் ஒழுங்கா வருது. நாமளும் குடுக்கணும்ங்கிறதையும் மறந்துடறோம், லேவியர் தங்களுக்கு வந்த தசமபாகத்துல இருந்தே தசமபாகம் குடுத்தாங்க, எண்ணாகமம் பதினெட்டு. வந்ததுல இருந்து நாங்க வேற ஒரு குடும்பத்தைக் கொஞ்சம் தாங்குறோம், குடுக்கிறவங்களுக்கு மாசக் கடைசி எப்படி இருக்கும்னு அதுலதான் புரிஞ்சுது.

இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறம் அந்தத் தம்பி நேத்து பட்ஜெட்டை எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தான். அழகா கோடு போட்டு, வாடகை, அரிசி, பெட்ரோல், ரீசார்ஜ், ட்ரெயின் கூட இருந்துச்சு. "மருந்து, இன்சூரன்ஸ் எங்கடா"ன்னு கேட்டேன். "அதை ஆண்டவர் பாத்துக்குவார்க்கா"ன்னான். "சரி, அப்ப பெட்ரோலையும் அவர்கிட்டயே விட்டுடு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல, அப்புறம் மறுபடி எழுதிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.