இணையம் எட்டாத ஊருக்கு நிதியுதவி கேட்பது எப்படி? முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் சொன்ன கணக்குப்படி, அப்போது உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தவில்லை. இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். ஏன் என்பது இரண்டாம் படியில் வரும்.

ஒரு சிறு தன்னார்வ அமைப்பு, கூட்டுறவுச் சங்கம், நூலகம், அல்லது நெட்வொர்க் வேலை தெரிந்த நாலைந்து பேர் சேர்ந்த குழு என்று, இதுவரை எந்த நிதியுதவிக்கும் விண்ணப்பிக்காதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி வாங்கப் பணம் தர ஆள் உண்டு. ஆனால் அந்தப் பணம் தீர்ந்த அடுத்த மாதம் இணைய பில்லை யார் கட்டுவார் என்று கேட்காமல் யாரும் தருவதில்லை. விண்ணப்பத்தின் ஒவ்வொரு பகுதியும் சுற்றிவளைத்து இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

படி 1: குறை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

"எங்கள் பகுதியில் இணையம் இல்லை" என்றதும் டவர், ரூட்டர் என்று மனம் ஓடும். கொஞ்சம் பொறுங்கள். இன்று இணையத்துக்கு வெளியே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மொபைல் சிக்னல் கிடைக்கும் இடத்தில்தான் வசிக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது வேறு ஏதோ ஒன்று. டேட்டா விலையாக இருக்கலாம், கையில் போன் இல்லாததாக இருக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதது, தங்கள் மொழியில் எதுவும் இல்லாதது, ஏமாற்றுக்காரர்கள் பற்றிய பயம் என்று எதுவாகவும் இருக்கலாம். சிக்னல் இருக்கும் ஊருக்கு டவர் கேட்டால் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே போய்விடும்.

எனவே வீடு வீடாகக் கேளுங்கள். பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம், முப்பது வீடு போதும். வீட்டில் எத்தனை போன், அதில் எத்தனை ஸ்மார்ட்போன், அது பகலில் யார் கையில் இருக்கிறது, போன மாதம் ரீசார்ஜுக்கு எவ்வளவு செலவு, கடைசியாக இணையம் இல்லாமல் எந்த வேலை நின்றது. இந்த ஐந்து கேள்வியே நிறையச் சொல்லிவிடும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். "வீட்டில் போன் இருக்கிறது" என்று வீட்டுத் தலைவர் சொல்வார். அந்த போன் காலையில் அவரோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறது என்பது பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், முதியவர்கள் ஆகியோரையும் விட்டுவிடாதீர்கள். திரையை வாசித்துக் காட்டும் வசதி தங்கள் போனிலேயே இருப்பது தெரியாதவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தேவை கருவியைவிட ஒரு பயிற்சி.

சிக்னலே இல்லை என்று உறுதியானால், மேட்டில் ஏறிப் பாருங்கள். அருகில் இணைப்பு உள்ள இடத்துக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே நேர்ப்பார்வை கிடைக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு பல கிலோமீட்டர் போகும், ஆனால் மலையையோ அடர்ந்த மரத்தையோ துளைக்காது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். இன்று தாழ்வாக நிற்கும் மரம் மூன்று வருடத்தில் வளர்ந்து குறுக்கே வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

படி 2: பிரச்சினையை ஒரு பத்தியில் எழுதுங்கள்

முதன்முறை எழுதுபவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள்:

"இன்றைய டிஜிட்டல் யுகத்தில் இணையம் அடிப்படை உரிமை. உலகில் கோடிக்கணக்கானோர் இன்னும் இணைக்கப்படவில்லை. எங்கள் திட்டம் இந்த இடைவெளியைக் குறைக்கும்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிப்பவருக்கு உங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியவரவில்லை. 260 கோடி என்ற எண்ணும் அப்படித்தான். அது அவர்களுக்கு மனப்பாடம். உங்கள் முப்பது வீட்டுக் கணக்கு அவர்களிடம் இல்லை. அதைக் கொடுங்கள். ஒரு கற்பனை ஊரை வைத்துச் சொன்னால்:

"எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள். மொபைல் சிக்னல் மேட்டின் மேல் மட்டுமே கிடைக்கிறது. நாங்கள் பேசிய 30 வீடுகளில் 22இல் ஸ்மார்ட்போன் உண்டு. உதவித்தொகை விண்ணப்பத்தைப் பதிய, மருத்துவரிடம் நேரம் வாங்க, இவர்கள் 14 கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள். ஒருமுறை போய்வந்தால் அன்றைய கூலி போகிறது."

போன் இருக்கிறது, இணைப்பு இல்லை, அதனால் கூலி போகிறது. இதைப் படித்த ஒருவருக்குத் திட்டம் என்னவாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும் முன்பே புரிந்துவிடும்.

படி 3: யாரிடம் கேட்பது?

இந்தத் துறையில் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதும் பிடிபடும்.

ஆசிய பசிபிக் பகுதிக்கு ஐ.பி. முகவரிகளை, அதாவது இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்களை, ஒதுக்குவது ஏப்னிக் என்ற அமைப்பு. அதன் அறக்கட்டளை 2016இல் தொடங்கியது. அது நடத்தும் ஐசிஃப் ஏசியா என்ற திட்டம் அறக்கட்டளையைவிடப் பழையது, 2008 முதல் சிறு திட்டங்களுக்கு நிதி தருகிறது. இங்கே ஒரு சுவையான கதை உண்டு. ஜப்பானின் வைட் புராஜெக்ட் என்ற இணைய ஆராய்ச்சிக் குழுவின் வசம் இருந்த, 43 என்று தொடங்கும் பழைய ஐ.பி. முகவரித் தொகுப்பில் பெரும்பகுதியை 2020இல் விற்று, அந்தப் பணத்தை இதற்கென அமைத்த ஒரு டிரஸ்டில் வைத்தார்கள். அதுவும் இந்தப் பகுதியின் இணைய வளர்ச்சிக்குத்தான் செலவாகிறது. முகவரியை விற்ற காசில் ஊருக்கு இணையம்! லத்தீன் அமெரிக்காவின் முகவரி அமைப்பான லாக்னிக் நடத்தும் ஃபிரிடா இதுபோன்ற ஒன்று.

அடுத்தது இன்டர்நெட் சொசைட்டி என்ற லாபநோக்கற்ற உலக அமைப்பும் அதன் அறக்கட்டளையும். டாட் ஆர்க் (.org) என்று முடியும் இணையதளப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பு இவர்களுடையது. வருமானம் பெரும்பாலும் அதிலிருந்துதான். சமூகமே நடத்தும் நெட்வொர்க்குகள், பயிற்சி, பேரிடரில் இணைப்பு அறுந்துபோகாமல் காப்பது ஆகியவை இவர்களுக்குப் பிடித்த துறைகள். முதன்முறை விண்ணப்பிக்கும் குழு இங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

உலகின் இணையதளப் பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகேன் தன் நிதித் திட்டத்தை 2024இல் திறந்தது. புதிய டொமைன் விகுதிகளை (.com போல இணையதளப் பெயரின் கடைசிப் பகுதி) ஏலம் விட்டதில் வந்த பணம் அது. முதல் சுற்றில் ஒரு திட்டத்துக்கு 50,000 முதல் 5,00,000 டாலர் வரை என்று அறிவித்தார்கள். தொகையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். திட்டம் ஐகேனின் பணியோடு, அதாவது டொமைன் பெயர், முகவரி சார்ந்த விஷயங்களோடு, பொருந்த வேண்டும். ஊருக்கு வைஃபை என்றால் பொருந்துவது கஷ்டம். உங்கள் மொழி எழுத்திலேயே டொமைன் பெயர் எல்லா இடத்திலும் வேலைசெய்ய வைக்கும் திட்டம் என்றால் முயலலாம்.

நெதர்லாந்தின் என்.எல்.நெட் திறந்த மூல மென்பொருள், வன்பொருள் செய்பவர்களுக்கு உதவுகிறது. விண்ணப்பப் படிவம் சிறியது, பந்தா இல்லாதது. ஆனால் டவர் போட இங்கே கேட்க முடியாது.

பல நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்து உலகளாவிய சேவை நிதியம் என்று வைத்திருக்கிறார்கள். பணம் பெரிது, ஆனால் பல இடங்களில் லைசென்ஸ் உள்ள நிறுவனங்களால் மட்டுமே அதைத் தொட முடியும். சிறு குழு அப்படி ஒரு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து போவதுதான் வழி.

எங்கே விண்ணப்பித்தாலும், கடந்த வருடங்களில் அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலை முதலில் பாருங்கள். வழிகாட்டி ஆவணத்தைவிட அது அதிகம் பேசும். முடிந்தால் அதில் ஒரு குழுவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வரும்.

படி 4: காகிதங்கள்

சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கடைசி வாரத்துக்குத் தள்ளக்கூடாது. பதிவுச் சான்றிதழ், அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, முந்தைய வருடங்களின் தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழுப் பட்டியல் ஆகியவை தேவைப்படும். சில நாடுகளில் வெளிநாட்டு நிதி பெற முன்அனுமதி வேண்டும், இந்தியாவின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் ஓர் உதாரணம். அனுமதி இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் பணம் வங்கியிலேயே நின்றுவிடும், சட்டச் சிக்கலும் வரும். பதிவே இல்லாத குழு என்றால், உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால், தகுதியுள்ள ஓர் அமைப்பின் பெயரில் விண்ணப்பித்து அதன் வழியாகப் பணம் பெறலாம். அதற்கு நிர்வாகச் செலவாக ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கேட்பார்கள். எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் போடுபவர்களுக்கு இன்னொன்று. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பல நாடுகளில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் இணைய இணைப்பைப் பலருக்குப் பகிர்ந்து காசு வாங்குவது வேறு விஷயம்; அதற்குத் தனி லைசென்ஸோ விலக்கோ வேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் மன்கோசி பகுதியில் மக்கள் தொடங்கிய ஜென்ஜெலெனி கூட்டுறவு, கட்டுப்பாட்டு ஆணையத்திடம் லைசென்ஸ் விலக்கு வாங்கிய பிறகுதான் முறையாக இயங்கியது. அதேபோல உங்கள் நாட்டு விதி என்ன என்று ஒரு பத்தி விண்ணப்பத்தில் இருக்கட்டும்.

படி 5: பட்ஜெட்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் ஒருமுறைச் செலவு: கம்பம், ஆன்டெனா, ரூட்டர், சோலார் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, இடிதாங்கி, எர்த்திங், ஏற்றுக்கூலி, பயிற்சி. கருவிப் பட்டியலில் எல்லாவற்றையும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். மழைக்காலத்தில் ஒரு ரூட்டர் எரிந்து, மாற்று வர மூன்று வாரம் ஆனால், ஊருக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் அதோடு போகும்.

அப்புறம் மாதச் செலவு. மேலே சொன்ன 120 வீட்டுக் கற்பனை ஊரையே எடுப்போம். வெளியிலிருந்து ஊருக்கு இணையத்தைக் கொண்டுவரும் மேல்நிலை இணைப்புக்கு மாதம் 250 டாலர், பராமரிக்கும் உள்ளூர் இளைஞருக்கு 150, பேட்டரி உள்ளிட்ட கருவிகளை மாற்றுவதற்காக எடுத்துவைப்பது 100. ஆக 500. நூறு வீதம் வீடுகளும் சேரும் என்று எழுதாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். 60 சதவீதம் என்றால் 72 வீடுகள். ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 7 டாலர்.

இது கட்டுப்படியாகுமா? ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் வைத்துள்ள அளவுகோல், அடிப்படை இணையச் சேவையின் விலை ஒரு நாட்டின் தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. அது தேசிய சராசரி. ஏழை ஊருக்கு அப்படியே பொருத்தினால் ஏமாற்றும். எனவே உங்கள் ஊரின் வருமானத்தை வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டின் மாத வருமானம் 200 டாலர் என்றால் 2 சதவீதம் 4 டாலர். 72 வீடுகளிலிருந்து 288 வரும். 212 இடிக்கிறது.

இந்தத் துண்டை மறைக்காதீர்கள். எப்படி அடைப்பீர்கள் என்று சொல்லுங்கள். பள்ளி, சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம் மூன்றும் தலா சுமார் 70 டாலர் தர ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். இல்லாவிட்டால் வேறு வருமானம் வேண்டும். ஜென்ஜெலெனியின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: மின்சாரம் இல்லாத வீடுகள் நிறைந்த இடத்தில், நெட்வொர்க்குக்காகப் போட்ட சோலாரிலேயே ஊரார் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் காசு சேர்த்தார்கள். அதுவும் முடியாது என்றால் திட்டத்தைச் சுருக்குங்கள். வீட்டுக்கு வீடு இணைப்பு என்பதை விட்டு, ஒரே பொது இடத்தில் வைஃபை என்று போனால் மாதச் செலவு குறையும்.

சம்பளத்தைக் குறைத்துக் காட்டி விண்ணப்பத்தை மலிவாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேண்டாம். பராமரிப்பவருக்குச் சம்பளம் இல்லாத திட்டம் ஒரு வருடத்தில் நின்றுவிடும் என்பது பரிசீலிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

படி 6: எதை அளப்பீர்கள்?

"200 பேருக்குப் பயிற்சி அளித்தோம்" என்பது நீங்கள் செய்தது. "மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் பிறர் உதவியின்றி ஓர் அரசுப் படிவத்தை நிரப்பினார்கள்" என்பது நடந்தது. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டாவதுதான் கனம். மூன்று அல்லது நான்கு அளவீடு போதும். பதினைந்து எழுதினால் பதினைந்தையும் ரிப்போர்ட்டில் நிரப்ப வேண்டிவரும். யார் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்பதைச் சேகரிக்க மாட்டோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

படி 7: அனுப்பிய பிறகு

கடைசி நாள் எந்த நேர மண்டலத்தில் முடிகிறது என்று பாருங்கள். நள்ளிரவு யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றால் உங்கள் ஊரில் அது வேறு நேரம். இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கடைசி மணியில் தளம் திணறும்.

மாதக்கணக்கில் பதில் வராமல் இருக்கலாம், நடுவில் கேள்விகள் வரலாம். கேள்வி வந்தால் பயப்படாதீர்கள். உங்கள் விண்ணப்பம் மேசையில் இருக்கிறது என்று பொருள். தேர்வானால் பணம் வழக்கமாகத் தவணைகளில் வரும். முதல் தவணைக்கான ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகே அடுத்தது. எனவே ரசீதுகளை முதல் நாளிலிருந்தே கோப்பில் போடுங்கள். கருவி விலை ஏறி, பட்ஜெட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றிவிட்டுச் சொல்லாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

நிராகரித்தால் காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சிலர் பரிசீலனைக் குறிப்புகளையே அனுப்புவார்கள். அவற்றை வைத்து பட்ஜெட்டைத் திருத்தி, அடுத்த சுற்று எப்போது திறக்கும் என்று பார்த்து, வேறு நிதிகளுக்கும் அதே விண்ணப்பத்தை அவர்கள் படிவத்துக்கேற்ப மாற்றி அனுப்பலாம். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது மட்டும் கூடாது. இரண்டுமே கிடைத்துவிட்டால், உடனே இருவருக்கும் தெரிவித்து, எது எந்தச் செலவுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.