மணப்பெண்ணுக்குத் தோழியாக நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆவணியில் மன்னார்குடி பக்கம் ஒரு கல்யாணம். தோழியாக நின்ற சின்னப் பெண், மணப்பெண் கழற்றிய நகைகளைக் கட்டிலில் வைத்துவிட்டு மேடைக்கு ஓடினாள். ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறு. ஊக்கு, கைக்குட்டை பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் இதைச் சொல்கிறேன்.

கூறைப் புடவை மாற்றும் நேரம்

கூறையை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே வந்தால், முகூர்த்தம் தப்புவதற்குள் திரும்ப வேண்டும். “பெண்ணை அழைச்சிட்டு வாங்க” என்று ஐயர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ரவிக்கை மாற்ற, மேல்கையில் போடும் வங்கி, ஒட்டியாணம், ஆரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கு ஒன்றாகக் கையில் வாங்குவார்கள்.

என் சித்தப்பா மகள் கல்யாணம் கும்பகோணத்தில். வங்கியை நான்தான் கழற்றினேன், அவிழ்த்துப் போட்ட புடவைமேல் வைத்தேன். நலங்கின்போது அதைக் காணவில்லை. எல்லோர் கண்ணும் அலங்காரம் செய்ய வந்த பெண்மேல்தான் போனது. பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள், அழுதுகொண்டே கொட்டினாள். சாயங்காலம் வங்கி கிடைத்தது. யாரோ அந்தப் புடவையோடு சேர்த்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் நான் அவள் வீடு தேடிப் போனேன். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது, என்மேலேயே.

முதல் நாள் இரவே நகைகளை விரித்துவைத்துப் போனில் படம் எடுங்கள். மாட்டல் வரை நோட்டில் எழுதுங்கள். வாடகை செட்டுக்குத் தனி டப்பா. கழற்றுவது ஒருவர், வாங்குவது ஒருவர். ஒரு நகை பைக்குள் போன பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பையைப் பெண்ணின் அம்மாவிடம் கொடுக்காதீர்கள். அவர் மேடையில் இருக்க வேண்டியவர். அறையை விட்டு நகராத ஒருவர் மடியில் இருக்கட்டும்.

கூறையின் கனம்

முன்பு மாயவரத்துக் கூறைநாட்டுப் புடவை. பட்டும் பருத்தியும் கலந்தது. இப்போது பெரும்பாலும் கனத்த பட்டு. கொசுவம் வைக்க இரண்டு பேர் வேண்டும். ரவிக்கையை முன்பே போட்டுப் பார்த்தாயா என்று பெண்ணிடம் கேளுங்கள்.

தாலி கட்டும்போது

ஜடையையும் மாலையையும் தூக்கிப் பிடியுங்கள். முடிச்சு நாத்தனாருடையது; அதில் கை வைக்காதீர்கள்.

சாப்பாடு

அலங்காரத்துக்கு முன்பே பாலாவது கொடுங்கள்.

செல்போன்

மேடைக்கு வேண்டாம்.

மண்டபச் சாவியைக் கொடுக்கும் முன்

நோட்டை வைத்து மறுபடி எண்ணுங்கள். அப்புறம் கட்டில் விரிப்பையும் உதறிப் பாருங்கள்.